கதவ எண்ணாதீங்க, அடுப்ப எண்ணுங்க: மும்பைக்குத் திட்டம் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையில குடிசைப்பகுதிக்கு எத்தனை சண்டாஸ் (கக்கூஸ்), எத்தனை அங்கன்வாடி, எத்தனை குழாய்னு முடிவு பண்ற அதிகாரிகளுக்கு,

போன மாசம் எங்க கல்லியில (சந்துல) இருந்து ஆறு பொம்பளைங்க ஒரு மனு எடுத்துகிட்டு உங்கள்ல ஒருத்தர பாக்க வந்தோம். எந்த ஆபீஸ், எந்த சாருன்னு இங்க எழுதல, ஏன்னா இதே பேச்ச வேற வேற ஆபீஸ்ல வேற வேற ஆளுங்க வாயில கேட்டாச்சு, ஒருத்தர் மேல கோவப்பட்டு தீரப்போற விஷயம் இல்ல இது. நாங்க கேட்டது ரெண்டே ரெண்டு. லேடீஸ் சண்டாஸ்ல இன்னும் நாலு சீட்டு, அங்கன்வாடி இன்னொண்ணு. மனுவ பாதி படிச்சுட்டு சார் சொன்னாரு, 2011 சென்சஸ் கணக்குப்படி உங்க ஏரியாவுக்கு இருக்குறதே போதும்னு. அதோட விட்டிருந்தா நான் இத எழுதிருக்க மாட்டேன். நாங்க எழுந்திருக்கும்போது இந்தியில ஒண்ணு சொன்னாரு, "ஊர்ல இருந்து ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க, நீங்களும் பெத்துகிட்டே இருக்கீங்க, நாங்க எவ்வளவுதான் கட்டுறது, மொதல்ல அத நிறுத்துங்க."

எங்க கூட வந்தவள்ல ஒருத்திக்கு 27 வயசு. ஒரே புள்ள. ரெண்டாவது வேணும்னு அவளுக்கு ஆசை, படுக்க இடமில்லன்னு வேணாம்னு முடிவு பண்ணி ரெண்டு வருஷமாச்சு. அவ அங்கயே அழுதுட்டா. சார் அத மனு நிராகரிச்சதுக்கு அழுவுறான்னு நெனச்சுகிட்டு தண்ணி குடுக்கச் சொன்னாரு.

நான் மும்பையில ட்ராம்பே பக்கம் இருக்குற சீத்தா கேம்ப்ல பொறந்து வளந்தவ, இப்பவும் இங்கதான் இருக்கேன், அம்மா வீட்டுல இருந்து ரெண்டு கல்லி தள்ளி. 14 வருஷமா சுகாதார வாலண்டியரா வீடு வீடா ஏறி எறங்குறேன், யாரு உண்டாகிருக்கா, யாருக்கு ஊசி போடணும், எந்தக் கொழந்தைக்கு எடை கொறைவு, யாரு செத்துப்போனாங்கன்னு நோட்டுல எழுதுறதுதான் என் வேலை. அதனால எங்க ஜனத்தொகை எப்படிக் கூடுதுன்னு எனக்குப் படிச்சுத் தெரியல, படியேறித் தெரியும். நீங்க சொன்ன ரெண்டுமே தப்பு. அத கூச்சல் போடாம, ஒண்ணொண்ணா சொல்லிப் பாக்குறேன்.

எங்க வீட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன். எங்க தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்து ட்ராம்பேல ஜனதா காலனியில குடிசை போட்டவரு. அணுசக்தி நிலையத்துக்குப் பக்கத்துல இருந்த காலனி அது, ஏறக்குறைய 70,000 பேரு இருந்தாங்க. 1976 மே மாசம், எமர்ஜென்சி நேரம், போலீஸ் வந்து எல்லாரையும் ட்ரக்குல ஏத்திக் கொண்டாந்து இந்த சதுப்பு நெலத்துல எறக்கி விட்டாங்க. எங்க தாத்தாவுக்குக் கெடச்சது பத்துக்குப் பதினஞ்சு அடி. அப்ப குடும்பத்துல ஏழு பேரு, தாத்தா, ஆச்சி, அஞ்சு புள்ளைங்க. ஆச்சி பெத்தது எட்டு. மூணு போயிருச்சு, ஒண்ணு தட்டம்மையில, ஒண்ணு வயித்துப்போக்குல, ஒண்ணு பொறந்த அன்னிக்கே. ஆச்சி கடைசி வரைக்கும் எட்டுன்னுதான் சொல்லும், அஞ்சுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

இப்ப அதே பத்துக்குப் பதினஞ்சுல, கீழயும், மேல பரண் மாதிரி ஏத்துன மாளாவுலயும் சேத்து, 12 பேரு. அப்பா, அம்மா, கல்யாணம் ஆகாத சின்னத் தம்பி. பெரிய தம்பி, அவன் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. சித்தப்பா, சித்தி, அவங்க மகன், மருமக, ஒரு கைக்கொழந்த. இதுல வெளியில இருந்து வந்தவங்க யாருன்னு பாத்தா கட்டிகிட்டு வந்த பொண்ணுங்கதான், இந்தத் தலைமொறையில வந்தவங்கள்ல ஒருத்தி இதே கேம்ப், இன்னொருத்தி தாராவி. போனவங்க எத்தனை பேரு தெரியுமா, ரெண்டு அத்தை, நானு, சித்தப்பா மக, அப்புறம் இன்னொரு சித்தப்பா குடும்பத்தோட ஊருக்கு வெளிய இருக்குற தலோஜாவுக்குப் போயிட்டாரு. வந்தவங்கள விட போனவங்கதான் ஜாஸ்தி. அப்படியும் ஏழு பன்னெண்டாச்சு.

யாராவது கண்டபடி பெத்துத் தள்ளுனாங்களா? ஆச்சி எட்டு. எங்கம்மா மூணு. சித்தி ரெண்டு. பெரிய தம்பிக்கு ரெண்டு, ரெண்டாவது பொறந்த அன்னிக்கே அவ ஆபரேஷன் பண்ணிகிட்டா. சித்தப்பா மகனுக்கு ஒண்ணு, அதோட போதும்னு சொல்றாங்க. தலைமொறைக்குத் தலைமொறை கொறைஞ்சுகிட்டேதான் வருது, ஆனா தலை எண்ணிக்கை கூடிகிட்டே போகுது. இது எப்படின்னு எனக்கே ரொம்ப நாள் புரியல. ஒரு ட்ரெய்னிங்ல ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் புரிஞ்சது.

அவங்க சொன்னது இதுதான். ஒரு எடத்துல பொறந்தவங்க எண்ணிக்கையில செத்தவங்க எண்ணிக்கைய கழிச்சா வர்றதுதான் இயற்கையா கூடுற ஜனத்தொகை. இது கூடறதுக்கு ஜாஸ்தி பெத்துக்கணும்னே இல்ல, சாவு கொறைஞ்சாலே கூடும். நாட்டுக் கணக்குல 1971ல பொறந்த ஆயிரம் கொழந்தையில 129 ஒரு வயசுக்குள்ள செத்துச்சு, 2020ல அது 28. சுதந்திரம் வாங்குன நேரத்துல சராசரி ஆயுசு 30 சொச்சம், இப்ப 70. அப்படிப் பொழச்ச புள்ளைங்க எல்லாம் வளந்து கல்யாண வயசுக்கு வந்து நிக்குது. முன்ன பத்து ஜோடி ஆளுக்கு அஞ்சு பெத்தா அம்பது, இப்ப முப்பது ஜோடி ஆளுக்கு ரெண்டு பெத்தாலும் அறுபது. ஆளாளுக்குக் கொறைச்சுகிட்டாலும் மொத்தம் கூடத்தான் செய்யும், இன்னும் கொஞ்ச வருஷம் கூடிட்டு அப்புறம்தான் நிக்கும். ஓடுற லோக்கல் ட்ரெயின்ல பிரேக் போட்டாலும் கொஞ்ச தூரம் போய்த்தான நிக்குது, அந்த மாதிரின்னாங்க. நாங்க பிரேக் போட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு சார். நீங்க இன்னும் பிரேக் போடு பிரேக் போடுன்னு கத்துறீங்க.

பிரேக் போட்டதுக்குச் சாட்சி சர்க்காரோட சர்வேயிலயே இருக்கு. 1992-93ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேயில ஒரு பொம்பளைக்கு சராசரி 3.4 கொழந்தை, 2019-21ல எடுத்ததுல 2.0. மகாராஷ்டிராவுல 1.7. அப்பன் ஆத்தா ரெண்டு பேருக்குப் பதிலா அடுத்த தலைமொறையில ரெண்டு பேரு வரணும்னாலே 2.1 வேணும்னு சொல்றாங்க, அதுக்கும் கீழ போயாச்சு. என் நோட்டுல மூணாவது பிரசவம்னு நான் எழுதுறது ஒரு வருஷத்துக்கு ஒரு கை வெரலுக்குள்ள அடங்கிரும், அதுலயும் பாதி ரெண்டும் பொண்ணாப் போச்சேன்னு மாமியார் படுத்துற பாட்டுல வர்றது, அது வேற வயித்தெரிச்சல்.

இன்னொண்ணும் சொல்லணும், இந்தப் பிரேக்க போட்டது யாரு? அதே 2019-21 சர்வேயில கல்யாணமான பொம்பளைங்கள்ல 37.9 சதவீதம் பேரு கர்ப்பத்தடை ஆபரேஷன் பண்ணிகிட்டவங்க, ஆம்பளை ஆபரேஷன் 0.3 சதவீதம். வயித்தக் கிழிச்சுகிட்டு ரெண்டாம் நாள் தண்ணிக்கொடம் தூக்குனவங்கள பாத்துத்தான் "மொதல்ல அத நிறுத்துங்க"ன்னு சொன்னீங்க.

ஊர்ல இருந்து வந்துகிட்டே இருக்காங்கன்னு சொன்னதுக்கு வர்றேன். 2001 சென்சஸ்ல மும்பை ஜனத்தொகை 1,19,78,450. 2011ல 1,24,42,373. பத்து வருஷத்துல கூடுனது நாலரை லட்சம் சொச்சம், நாலு சதவீதம்கூட இல்ல. இதுல தீவுப் பக்கம் இருக்குற மும்பை நகர மாவட்டம் 33.4 லட்சத்துல இருந்து 30.9 லட்சமா கொறைஞ்சே போச்சு. இவ்வளவு பெரிய ஊர்ல பத்து வருஷப் பிறப்பு இறப்பு வித்தியாசமே அந்த நாலு சதவீதத்த தாண்டிரும். அப்ப என்ன அர்த்தம், வந்தவங்கள விட போனவங்க ஜாஸ்தின்னு அர்த்தம். எங்க போனாங்க? அதே பத்து வருஷத்துல பக்கத்துல இருக்குற தாணே மாவட்டம் 81 லட்சத்துல இருந்து 1 கோடியே 10 லட்சமாச்சு. எங்க சித்தப்பா தலோஜா போன மாதிரி, கல்வா, மும்ப்ரா, பத்லாப்பூர், நல்லசோப்பாரான்னு போயிட்டே இருக்காங்க, வாடகை கட்ட முடியாம. இங்க கூட்டமா நிக்கிறது வந்தவங்க இல்ல. இங்கயே பொறந்து, நீங்க போட்ட ஊசியில, நாங்க சொமந்த போலியோ டப்பாவுல, சாகாம பொழச்சவங்க. இந்தியாவுக்கு 2014ல போலியோ இல்லாத நாடுன்னு சர்டிபிகேட் கெடச்சப்போ எங்களுக்கும் லட்டு குடுத்தீங்க. அந்த லட்டு எந்தப் புள்ளைங்களுக்காகக் குடுத்தீங்களோ அந்தப் புள்ளைங்கதான் இப்ப வளந்து சண்டாஸ் க்யூவுல நிக்குது.

1976 எங்க ஆளுங்களுக்கு மறக்காத வருஷம், காலனிய இடிச்சதுக்கு மட்டும் இல்ல. அந்த வருஷம்தான் நாடு பூரா கட்டாய கர்ப்பத்தடை, 1976-77ல மட்டும் 80 லட்சத்துக்கு மேல ஆபரேஷன். மூணு புள்ளைக்கு மேல போனா கட்டாயமா ஆபரேஷன்னு இந்த மகாராஷ்டிரா சட்டசபையே ஒரு மசோதா பாஸ் பண்ணுச்சு, டெல்லி ஒப்புதல் கெடைக்காததால சட்டமாகல. எங்க தாத்தா ராத்திரி வீட்டுல படுக்க பயந்து வேலை செய்யுற எடத்துலயே படுத்துகிட்டாருன்னு ஆச்சி சொல்லும். ஒரே வருஷத்துல வீட்டையும் இடிச்சு, பெத்துக்காதன்னும் சொன்ன சர்க்கார பாத்த வம்சம் எங்களது. அதனால உங்க வாயில இருந்து அந்த வார்த்தை வந்தா எங்களுக்கு அது அட்வைஸ் மாதிரி கேக்காது சார், மெரட்டல் மாதிரிதான் கேக்கும். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

தமிழ்நாட்டுல இருந்து சொந்தக்காரங்க போன் பண்ணி சிரிக்கிறாங்க. அங்க 2024ல முதல்வர் ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில பதினாறு பெத்துக்கிட்டா என்னன்னு ஜனங்க யோசிக்கிற நெலமைன்னு பேசுனாரு, எம்பி சீட்டு கொறைஞ்சிரும்னு கவலை. பக்கத்துல ஆந்திராவுல நாயுடு, ஜாஸ்தி பெத்துக்கோங்கன்னாரு, ரெண்டு புள்ளைக்கு மேல இருந்தா பஞ்சாயத்து எலெக்ஷன்ல நிக்கக்கூடாதுங்கிற சட்டத்தயும் எடுத்துட்டாங்க. அங்க சீட்டுக்காகப் பெத்துக்கோங்கிறாங்க, இங்க சண்டாஸ் சீட்டுக்காகப் பெத்துக்காதங்கிறாங்க. ரெண்டு பக்கமும் கணக்குப் பாக்குறது எங்க வயித்த வெச்சுத்தான், ரெண்டு எடத்துலயும் எங்கள ஒரு வார்த்தை கேக்கல.

இடம் இல்லன்னு நீங்க சொல்றது பொய்னு நான் சொல்ல வரல. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 20,000 பேருக்கு மேல இருக்குற ஊர் இது, எனக்கும் தெரியும். ஆனா இருக்குற எடத்த யாருக்கு எந்தக் கணக்குல பிரிக்கிறீங்கன்னுதான் கேக்குறேன். 2011 சென்சஸ்படி மும்பையில 52 லட்சம் பேரு, நூத்துக்கு 42 பேரு, குடிசைப்பகுதியில. எங்க ஏரியா வர்ற எம் ஈஸ்ட் வார்டு, 2009ல வந்த மும்பை மனித மேம்பாட்டு ரிப்போர்ட்ல எல்லா வார்டுக்கும் கடைசி. கடைசியில நிக்கிறவங்களுக்குத்தான் பதினஞ்சு வருஷப் பழைய கணக்க வெச்சு இது போதும்னு சொல்றீங்க.

குடிசை வீடு 14 அடிக்கு மேல ஒசத்தக் கூடாதுன்னு ஒரு ரூல். சரி, பாதுகாப்புக்குத்தான், ஒத்துக்கிறேன். ஆனா குடும்பம் பெருகுறது எந்த ரூலுக்கும் நிக்கலயே. பக்கவாட்டுல போக முடியாது, ஒசரத்துல போக முடியாது, அப்ப உள்ளுக்குள்ளயேதான் அடையணும். அந்த 14 அடிக்குள்ள ரெண்டு மாடி போட்டா மேல நிமிந்து நிக்க முடியாது, எங்க சித்தப்பா இருபது வருஷமா வீட்டுக்குள்ள குனிஞ்சே நடக்குறாரு. மேல போறதுக்குப் படி கெடையாது, வெளிச்சுவத்துல செங்குத்தா ஒரு இரும்பு ஏணி. சித்தப்பா மருமக எட்டாம் மாசம் வயித்தோட அதுல ஏறி எறங்குனா, நான் கீழ நின்னுகிட்டு கைய நீட்டிகிட்டே இருப்பேன், விழுந்தா என்னால புடிக்க முடியாதுன்னு தெரிஞ்சும். மழைக்காலத்துல ஏணி வழுக்கும்னு கோணிச்சாக்க சுத்திக் கட்டி வெச்சோம். ஒரு ராத்திரி வலி வந்துருச்சு, எறக்கி, கல்லி வழியா நடத்தி, ஆட்டோ நிக்கிற ரோடு வரைக்கும் கொண்டு போறதுக்குள்ள முக்கா மணி நேரம். ஆச்சி ரெண்டு வருஷம் முன்னாடி 86 வயசுல மேலதான் செத்துச்சு. பெட்ஷீட்ல கட்டி அதே ஏணி வழியாத்தான் எறக்குனோம், என் ரெண்டு தம்பியும் மேல இருந்து புடிக்க, சித்தப்பா மகன் தோள் குடுத்து வாங்குனான். எட்டு பெத்தவ.

சின்னத் தம்பிக்கு 34 ஆச்சு, பொண்ணு பாக்க வர்றவங்க வீட்ட ஒரு தடவ பாத்துட்டுப் போனா திரும்பி வர்றதில்ல. பெரிய தம்பி செக்யூரிட்டி வேலை, வேணும்னே நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிருக்கான், ராத்திரி அவன் எடத்துல ரெண்டு புள்ளைங்க படுக்கும், பகல்ல புள்ளைங்க ஸ்கூல் போனப்புறம் அவன் படுப்பான். புருஷன் பொண்டாட்டி தனியா பேசிக்கணும்னா சாயங்காலம் பஸ் ஏறி செம்பூர் வரைக்கும் போயிட்டு வருவாங்க. இத எழுதும்போது எனக்கே கூச்சமா இருக்கு, ஆனா பெத்துகிட்டே இருக்கீங்கன்னு சொன்னவங்களுக்குத் தெரியட்டும்.

இப்ப கணக்குக்கு வர்றேன், இதுதான் முக்கியம். நீங்க எங்கள எண்ணும்போது கதவ எண்ணுறீங்க. எங்க கல்லியில 60 கதவு. கதவுக்கு அஞ்சு பேருன்னு போட்டு 300 பேரு. பாதி பொம்பளைங்க, 150. தூய்மை இந்தியா திட்டத்துல குடியிருப்புக்கான சமுதாயக் கழிப்பறைன்னா பொம்பளைங்க 25 பேருக்கு ஒரு சீட்டு, ஆம்பளைங்க 35 பேருக்கு ஒண்ணுன்னு கணக்கு. 150 பேருக்கு ஆறு சீட்டு போதும், உங்களுக்கு எட்டு இருக்கே, இன்னும் என்ன வேணும்னு கேக்குறீங்க. பேப்பர்ல பாத்தா நீங்க சொல்றது சரிதான்.

நாங்க வேற மாதிரி எண்ணிப் பாத்தோம். சென்சஸ் எடுக்குறவங்களே குடும்பம்னா என்னன்னு எப்படிச் சொல்றாங்கன்னா, ஒரே சமையல்ல சேந்து சாப்புடுறவங்க ஒரு குடும்பம். ஒரு கதவுக்குள்ள மூணு அடுப்பு எரிஞ்சா மூணு குடும்பம். எங்க அம்மா வீட்டுலயே மூணு அடுப்பு, அப்பா அம்மாவுக்கு ஒண்ணு, பெரிய தம்பிக்கு ஒண்ணு, மேல சித்தப்பாவுக்கு ஒண்ணு. ரேஷன் கார்டு தாத்தா காலத்துல இருந்து ஒண்ணுதான் இருந்துச்சு, பிரிக்கிறதுக்கு பெரிய தம்பி அலைஞ்ச அலைச்சல் தனிக் கதை. நானும் ரெண்டு காலேஜ் பொண்ணுங்களும் ரெண்டு ஞாயித்துக்கெழம கல்லி பூரா ஏறி எறங்கி அடுப்ப எண்ணுனோம். நூத்த தாண்டிருச்சு. தலைய எண்ணுனா 500க்கு மேல. பொம்பளைங்க 250ன்னு கொறைச்சு வெச்சாலே பத்து சீட்டு வேணும். இருக்குற எட்டுல ரெண்டுக்குக் கதவு இல்ல, ஒண்ணு அடைச்சு மாசக்கணக்காச்சு. காலைல நாலு மணிக்கு க்யூ ஆரம்பிக்குது. வயசுக்கு வந்த பொண்ணுங்க ராத்திரி தண்ணி குடிக்கிறதையே கொறைச்சுகிட்டாங்க, மூத்திரத்துல கிருமின்னு மாத்திரை வாங்க என்கிட்டதான் வர்றாங்க.

அங்கன்வாடியும் இதே கதைதான். 400ல இருந்து 800 பேருக்கு ஒரு அங்கன்வாடின்னு ஐசிடிஎஸ், அதாவது கொழந்தைங்க வளர்ச்சித் திட்டத்தோட கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையம் டவுன்ல 50,000 பேருக்கு ஒண்ணு. எல்லாமே தலைக்கணக்குல வர்ற வசதி. தலைய எண்ணாம விட்டா அந்தத் தலைக்கு வர வேண்டியது தானா வராமப் போயிரும், யாரும் இல்லன்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. 2021ல வர வேண்டிய சென்சஸ் கொரோனாவுல தள்ளிப்போய், இப்ப 2027 மார்ச் 1ஆம் தேதிய கணக்கா வெச்சு எடுக்கப் போறாங்க. அதாவது 2011ல பொறந்த புள்ள பத்தாவது பரீட்சை எழுதுற வயசுக்கு வந்தாச்சு, உங்க கணக்குல அது இன்னும் பொறக்கவே இல்ல.

நாளைக்கு குடிசைய எடுத்துட்டு பில்டிங் கட்டிக் குடுத்தாலும் இதேதான் நடக்கும். இப்ப இருக்குற ரூல்ல 2000 ஜனவரி 1க்கு முன்னாடி இருந்த குடிசைக்கு இலவசமா 300 சதுர அடி வீடு, அதுக்கப்புறம் 2011 ஜனவரி 1 வரைக்கும் உள்ளதுக்கு காசு கட்டி. குடிசைக்கு ஒரு வீடு, தலைக்கோ அடுப்புக்கோ இல்ல, மேல் மாளாவுல இருக்குறவங்களுக்கு ஒண்ணுமில்ல. எங்க சித்தப்பா 1976ல இந்த நெலத்துல ட்ரக்குல இருந்து எறங்கும்போது அவருக்கு பத்து வயசு. அம்பது வருஷம் இங்கயே இருந்தவரு, மேல இருக்காருங்கிற ஒரே காரணத்துக்கு எந்த லிஸ்ட்லயும் வரமாட்டாரு.

ஜோக்கின் அற்புதம்னு ஒருத்தர் இருந்தாரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கோலார் தங்கவயல்ல பொறந்த தமிழரு, ஜனதா காலனிக்காக வருஷக்கணக்கா போராடுனவரு, 2011ல பத்மஸ்ரீ குடுத்தீங்க, 2018ல போயிட்டாரு. அவரு எங்க பெரியவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது, மத்தவன் வந்து நம்மள எண்ணுறதுக்கு முன்னாடி நாமளே நம்மள எண்ணி வெச்சுக்கணும்ங்கிறது. குடிசைவாசிங்களே வீடு வீடாப் போயி சர்வே எடுத்து சர்க்கார் முன்னாடி வெக்கிற பழக்கம் மும்பையில அப்படித்தான் வளந்துச்சு. நாங்க ரெண்டு ஞாயித்துக்கெழம பண்ணதும் அதான். அந்த நோட்டு எங்கிட்ட இருக்கு, மனுவோட சேத்துக் குடுத்தோம், சார் அதத் தொறக்கல.

எங்க கோரிக்கை இதுதான்.

அந்த நோட்டத் தொறந்து பாருங்க. நம்பிக்கை இல்லன்னா உங்க ஆள ஒருத்தர அனுப்புங்க, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அனுப்புங்க, பகல்ல வந்தா பாதிப் பேரு வேலையில இருப்பாங்க, நான் கூட வந்து ஒவ்வொரு அடுப்பையும் காட்டுறேன்.

சண்டாஸுக்கும் அங்கன்வாடிக்கும் தண்ணிக்கும் 2011 கணக்க வெச்சு முடிவு பண்றத இன்னிக்கே நிறுத்துங்க. புது சென்சஸ் வந்து எண் வெளியாகுற வரைக்கும், ஏரியாவுல பதிவான பிறப்பு இறப்புக் கணக்கையும் எங்கள மாதிரி வாலண்டியருங்க எழுதுற நோட்டையும் வெச்சு போடுங்க, அது உங்க கையிலயேதான் இருக்கு, மாசாமாசம் நாங்கதான் எழுதிக் குடுக்குறோம்.

2027 சென்சஸுக்கு எங்க கல்லிங்களுக்கு வர்றவங்ககிட்ட தெளிவா சொல்லி அனுப்புங்க, மேல் மாளாவுக்கு ஏணியில ஏறிப் போகணும், ஒரு கதவுன்னா ஒரு குடும்பம்னு எழுதக்கூடாது. தமிழ், இந்தி, மராத்தி தெரிஞ்ச எங்க பொண்ணுங்க இருக்காங்க, கூட வெச்சுக்கோங்க.

பில்டிங் திட்டம் எது வந்தாலும் குடிசைக்கு ஒண்ணுங்கிறத விட்டுட்டு, கல்யாணமாகி தனி அடுப்பு வெச்சிருக்குற ஒவ்வொரு ஜோடியையும், மேல் மாளாவுல இருக்குறவங்களையும் லிஸ்ட்ல சேருங்க. சேக்க முடியாதுன்னா ஏன்னு எழுத்துல குடுங்க, வாயில சொல்லாதீங்க.

லேடீஸ் சண்டாஸ்ல அடைச்சுக் கெடக்குற ஒண்ண இந்த வாரமே சரி பண்ணுங்க, கதவு இல்லாத ரெண்டுக்கு கதவு போடுங்க. அதுக்கு எந்த சென்சஸும் வேணாம். நாலு சீட்டும் ரெண்டாவது அங்கன்வாடியும் எப்பன்னு தேதி போட்டு பதில் குடுங்க.

கடைசியா ஒண்ணு. அந்த 27 வயசுப் பொண்ணுகிட்ட சொன்ன வார்த்தைய திரும்ப வாங்கிக்கோங்க. நேர்ல வர வேணாம், ஒரு லெட்டர் போதும், நான் அவளுக்குப் படிச்சுக் காட்டுறேன்.